நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு ரத்தம்

பனிக்கல் தேயிலைத் தோட்டத்துக் கீழ்டிவிசனில் நாற்பத்து மூன்று பெண்களுக்கு ஒரே ரத்தம். எட்டு மாதமாக அப்படித்தான். அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரி ஆறாம் நம்பர் லயத்தின் வரிசை வீட்டில் இருக்கிற நிரஞ்சலா. வயது நாற்பத்தாறு. கொழுந்து எடுப்பதில் அந்த மலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தெய்வச் செயல் என்று கையைத் தூக்கிக் கும்பிட்டுவிடாதீர்கள். சுத்தமான ஏமாற்று வேலை. நாற்பத்து நான்கு பெண்கள் கூடிப் பேசி, முழு மனதோடு செய்தது.

நடந்தது இதுதான். சுகாதார அமைச்சு மலைநாட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரு கருவி அனுப்பியது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யார் வாயிலும் நுழையாததால் 'பொட்டி' என்றே ஆகிவிட்டது. டிஸ்பென்சரியின் பின்னறைச் சுவரில் பதித்திருந்தார்கள். அரிசி டின் அளவு இருக்கும். எதிரே ஒரு நாற்காலி. உட்கார்ந்து விரலை ஒரு துளையில் வைத்தால் சுருக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொள்ளும். பிறகு கால் மணி நேரம் பேசும், கேட்கும். இன்னும் தலைகாட்டாத நோயைக்கூட முன்னாலேயே பிடித்துவிடும் என்றார்கள். டாக்டரைவிட நன்றாகப் பார்க்கும் என்று டாக்டர்களே சொன்னார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும்?

மலைக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்தில் முதல் மாதமே ஊர் திரண்டு போய் விரலை நீட்டிவிட்டது. டவுன் கடைக்காரர்கள் இரண்டாம் தடவையும் போனார்கள். கீழ்டிவிசனில் மட்டும் ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

யந்திரத்தைக் கண்டு மிரளுகிற ஆட்கள் இல்லை இவர்கள். தலைக்கு மேலே ட்ரோன் மருந்தடிக்க, கீழே நின்று கொழுந்து எடுக்கிறவர்கள். பயம் வேறு பயம்.

"ரத்தத்த எடுத்துக்கிட்டுப் போயி என்னா செய்வாங்கன்னு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா?" என்று பிரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரிக்கிற இடத்தில் நின்று கேட்டவள் லலிதாம்பிகை. ஐம்பத்தெட்டு வயது. வாய் என்றால் அப்படி ஒரு வாய், தோட்டத்தை நடத்துகிற தொரையே கண்டால் ஒதுங்கிப் போவார். "சீக்குக்காரி யாருன்னு பொட்டி சொல்லும். தொரைக்குத் தெரியும். அப்பறம் செக்ரோல்ல பேரு இருக்குமா? அதோட விடுவாங்களா, ஒரு தாள நீட்டி கையெழுத்துப் போடுன்னுவாங்க. போட்ட கையெழுத்தெல்லாம் போதாதா நமக்கு?"

ஆனால் போகாமலும் இருக்க முடியாது. ஒரு வருஷத்துக்குள் எல்லோரும் ஒரு தடவையாவது பொட்டி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. யூனியன் சண்டை போட்டு இரண்டு விஷயம் வாங்கித் தந்தது. பொட்டியில் கேமரா இருக்கக் கூடாது; பொட்டி யாரையும் ஆள் அடையாளம் காட்டக் கூடாது.

கண் இல்லையா? அப்படியானால் யார் போனால் என்ன!

இந்த யோசனை வேறு ஊர்க்காரர்களுக்கு வந்திருக்காது. கொழுந்து மலையில் இது காலங்காலமாக நடக்கிறது. ஒருத்திக்குக் காய்ச்சல், கூடை நிறையவில்லை, அன்றைக்கு அவளுக்கு அரை நாள் வேலைதான் விழும் என்று தெரிந்தால், பக்கத்து வரிசை நெறைக்காரிகள் ஆளுக்கு இரண்டு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். கணக்கப்பிள்ளை நிறுக்கும்போது அவள் பெயருக்கு முழு நாள் விழும். அவள் கேட்கவும் வேண்டியதில்லை, நன்றி சொல்லவும் வேண்டியதில்லை. கொழுந்தைப் போடலாம், ரத்தத்தைப் போடக் கூடாதா?

"நம்மள்ல ஒரு சீக்கும் இல்லாதவ யாரு?" என்று லலிதாம்பிகை கேட்டாள். எண்பத்தாறு கண்ணும் ஒரே பக்கம் திரும்பின.

நிரஞ்சலாவுக்குத் தலைவலி வந்துகூட யாரும் பார்த்ததில்லை. "இதென்னாடி வம்பு" என்று சிரித்தாள். பிறகு, "சரி, போறேன். எல்லாரோடதும் முடிச்சிட்டுக் கடைசியா என்னோடத வச்சிக்கிறேன்" என்றாள்.

டிஸ்பென்சரி வாசலில் பெயர் பதிகிறவர் யோகேஸ்வரன். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். முதல் நாள் நிரஞ்சலா வந்து நின்று "லலிதாம்பிகை" என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். எட்டு மாதமும் அவள் வருகிற நேரம் பார்த்து அந்தக் கண்ணாடியில் தூசி விழுந்தது.

பொட்டி முன்னால் முதல் தடவை உட்கார்ந்து விரலைத் துளையில் வைத்தாள்.

"வணக்கம் லலிதாம்பிகை. சில கேள்விகள் கேட்கலாமா?" ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ்.

"கேளு."

"உடம்பில் எங்காவது நோவு இருக்கிறதா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வரத்தான் நினைத்திருந்தாள். ஆனால் லலிதாம்பிகையின் முழங்கால் அவள் கண் முன்னால் வந்து நின்றது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எழும்பும்போது போடுகிற முனகல் தினமும் காதில் விழுகிறதே, அதை எப்படி இல்லை என்பது? "மொழங்காலு. எறக்கத்துல எறங்கறப்பதான் சாஸ்தி. காலையில ஒரு மணி நேரம் மடக்கவே முடியாது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பொட்டி கேட்டது. துருவித் துருவிக் கேட்டது. கடைசியில் ஓர் எண்ணெயும் ஒரு பயிற்சியும் சொல்லி, ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்றும் சொன்னது.

அதை அவள் லலிதாம்பிகையிடம் கொண்டுபோனாள். பொட்டி சொன்னது என்று சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பாள். "எங்கயோ கேள்விப்பட்டேன்க்கா, செஞ்சி பாரேன்" என்றாள். பத்து நாளில் முனகல் பாதியாகக் குறைந்தது.

அப்புறம் என்ன, பழகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ போவாள். இன்றைக்கு ஜெயரூபி, அடுத்த தடவை கலைச்செல்வி. கொழுந்து கிள்ளுகிற விரலில் குத்தினால் மறுநாள் சாயம் ஏறி எரியும், அதனால் விரல் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். ஜெயரூபிக்கு மாதா மாதம் நிற்காமல் போகிறது. கலைச்செல்வி சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுக்கிறாள், புருஷனிடம் சொல்லவில்லை. லயத்தில் யாருடைய உடம்பு யாருக்குத் தெரியாது? அவரவர் வாயால் எந்த டாக்டரிடமும் சொல்ல மாட்டாத விஷயங்களை எல்லாம் அவள் அவரவராகவே உட்கார்ந்து சொன்னாள். பொட்டி ஒவ்வொரு தடவையும், கேட்கலாமா, சொல்லலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டது. அது சொன்னதை எல்லாம் அவள் கேள்விப்பட்டதாகச் சொல்லி லயத்தில் பரப்பினாள். கலைச்செல்விக்கு வாந்தி நின்றது. பொட்டியின் தமிழும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தி வாசிப்பதை விட்டுவிட்டு மலைத் தமிழாக மாறியது. அந்த அறைக்குப் போவது அவளுக்குப் பிடித்துப்போனது என்பதுதான் உண்மை. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வெயிலில், தர்ஷிகா நெறைக்குள் சுருண்டு விழுந்தாள்.

தர்ஷிகா ஒரே சுவர் தள்ளி அடுத்த காம்பராக்காரி, இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. நிரஞ்சலாவின் வாலைப் பிடித்துக்கொண்டே திரிகிறவள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அக்கா, அடிவயிறு" என்றாள், அவ்வளவுதான், கண் செருகிவிட்டது. நாலு பேர் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் ஓடினார்கள்.

டிஸ்பென்சரியில் டாக்டர் சந்துனி ஹேரத் இருந்தாள். கண்டியில் படித்த சின்ன வயசு டாக்டர். தமிழ் படித்துக்கொண்டு வந்தவள், புத்தகத் தமிழ்தான் வரும், ஆனால் கூச்சப்படாமல் பேசுவாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"கர்ப்பம். கர்ப்பப் பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை தாங்க ரத்தம் ஏற்ற வேண்டும்." சொல்லிக்கொண்டே ஊசியைச் செருகினாள். "பயப்படாதீர்கள், இவருடைய விவரம் எல்லாம் பெட்டியில் இருக்கிறது. டிசம்பரில் சோதனைக்கு வந்திருக்கிறார். அது பார்த்து ரத்தத்துக்குச் சொல்லிவிட்டது. ட்ரோன் கிளம்பிவிட்டது."

தூக்கி வந்தவர்களில் ஒருத்தியாக உள்ளே நின்ற நிரஞ்சலா அதைக் கேட்டாள்.

டிசம்பரில் தர்ஷிகா என்ற பெயரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் யார்? பொட்டியில் இருப்பது யாருடைய ரத்தம்? வேறு ரத்தத்தை ஏற்றினால் ஆள் செத்துப்போகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாயைத் திறந்தால் நாற்பத்து மூன்று பேருடைய வேலைக்கும் உலை. திறக்காவிட்டால் இந்தப் பிள்ளை இங்கேயே, இவள் கண் முன்னாலேயே.

வாசலில் கூடியிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். லலிதாம்பிகை வேண்டாம் என்று தலையாட்டினாளா, சொல் என்று தலையாட்டினாளா, அவளுக்குப் புரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

"டாக்டரம்மா, ஏத்தாதீங்க! அது அவ ரத்தம் இல்ல. என்னோடது. அவ பொட்டிகிட்ட வந்ததே இல்ல. எல்லார் பேர்லயும் நான்தான் வந்தேன். என்னா தண்டன வேணும்னாலும் குடுங்க, அந்த ரத்தத்த மட்டும் ஏத்திராதீங்க!"

டாக்டரின் கை அப்படியே நின்றது. நிரஞ்சலாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேசைத் திரையைத் திருப்பி, பொட்டி அனுப்பிய ரத்தச் சீட்டை மறுபடி வாசித்தாள். அவளுடைய உதடு அசைந்தது. இன்னொரு தடவை வாசித்தாள்.

"இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" குரல் இறங்கிப்போயிருந்தது. "'யாருக்கும் ஒத்துக்கொள்ளும் ரத்தம், நான்கு பை. நோயாளியின் ரத்த வகை எனக்குத் தெரியாது' என்று. அவசரத்தில் நான் பையின் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்தேன்."

"தெரியாதுன்னா?"

"தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறது. டிசம்பரில் சோதனை செய்த பெட்டி, இவருடைய ரத்தம் எனக்குத் தெரியாது என்கிறது."

அம்மாடி! நிரஞ்சலாவுக்கு உச்சி முதல் பாதம் வரை புல்லரித்தது. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் அந்த அரிசி டின் சும்மா இருந்தது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டு நிமிஷத்தில் ட்ரோன் முற்றத்தில் இறங்கியது. முதல் பை ஏறியதும் தர்ஷிகாவின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. ஒரு கையால் அவள் நாடியைப் பிடித்தபடி டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்புலன்ஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"ஒவ்வொரு மாதமும் உங்கள் டிவிசன் அறிக்கையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'விவரம் போதாது' என்று வரும். பெட்டி கவனமாக இருக்கிறது என்று நினைத்தேன்" என்றாள் டாக்டர். "ஏன் நிரஞ்சலா? கீழே கிராமத்தில் என் பெரியம்மாவே முதல் ஆளாகப் போனார். அது சிங்களவர், தமிழர் பார்க்காது. அதற்கு இனம் கிடையாது."

"அதுக்குக் கெடையாதும்மா. அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்களுக்கு உண்டுல்ல?"

டாக்டர் நாடியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மாவுக்கு நான் பொறந்தப்ப டவுன் ஆஸ்பத்திரியில ஒரு தாள நீட்டுனாங்க. என்னா எழுதியிருக்குன்னு தெரியாது. பெருவிரல வச்சாங்க. அதுக்கப்பறம் எனக்குத் தம்பி தங்கச்சி பொறக்கல. ஏன் பொறக்கலங்கறது, கொழாய அறுத்துட்டாங்கங்கறது அம்மாவுக்கே ஒம்பது வருஷம் கழிச்சித்தான் தெரிஞ்சிச்சி. ஒங்க பெரியம்மாவ யாரும் கேக்காம தொட்டதில்ல டாக்டரம்மா. அதான் தைரியமா போனாங்க."

டாக்டர் சந்துனி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை. அம்புலன்ஸ் சத்தம் கேட்டதும், தர்ஷிகாவின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள். "ஆபரேஷன் செய்ய வேண்டும். வெடித்த குழாயை எடுப்பார்கள். இன்னொரு குழாய் அப்படியே இருக்கும், குழந்தை பிறக்க வழி இருக்கும். வேறு எதையும் தொட மாட்டார்கள், நான் கூடவே நிற்பேன். சம்மதமா?" தர்ஷிகா கண்ணைத் திறந்து நிரஞ்சலாவைத் தேடினாள். அப்புறம் தலையை அசைத்தாள். அந்த அசைவு வரும்வரை டாக்டர் ஸ்ட்ரெச்சரைத் தூக்க விடவில்லை.

டாக்டர் வண்டியில் ஏறும்போது நிரஞ்சலா கேட்டாள். "எங்கள என்னா செய்வீங்க?"

"நோட்டீஸில் சொன்ன வருஷம் முடிய நான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் வந்தால் வந்தவர்கள்தானே?" என்றாள் டாக்டர். கதவு மூடியது.

எல்லோரும் போனபிறகு நிரஞ்சலா பின்னறைக்குள் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"ரெண்டாவது தடவையே" என்றது பொட்டி. "கண் இல்லன்னாலும் ரத்தம் ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. மொதல்ல லலிதாம்பிகைன்னு வந்தீங்க. அதே ரத்தத்தோட ஜெயரூபின்னு வந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"அடையாளம் காட்டக் கூடாதுன்னு எனக்குச் சட்டம். யூனியன் வாங்கிக் குடுத்தது. சட்டம் இல்லாட்டியும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"எனக்குப் பாடம் சொல்லித் தந்த பன்னிரண்டு லட்சம் பேர்ல ஒங்க ஆளுங்க முந்நூறு பேர்கூட இல்ல. அதுலயும் பாதிப் பேர் டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னவங்க. அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருக்கும்ல? அத யாரும் எனக்குப் பாடமா வைக்கல. நீங்கதான் வச்சீங்க. உக்காந்து நாப்பத்து மூணு பேரோட நோவையும் மறைக்காம சொன்னீங்க. பேரு பொய், ரத்தம் பொய், சொன்ன நோவு ஒவ்வொண்ணும் நெசம். ரத்தத்த அவங்க கணக்குல சேக்காம விட்டுட்டேன். நோவுக்கு மட்டும் பதில் சொன்னேன். நான் சொன்னா அவங்க கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னா கேக்கறாங்க."

நிரஞ்சலா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் தான் அதை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்க, அது ஒரு வார்த்தை காட்டிக்கொடுக்காமல், அவள் வாய் வழியாக ஒரு லயத்தையே வைத்தியம் பார்த்திருக்கிறது. இப்படியும் ஒன்று உலகத்தில் உண்டா? மனுஷர்கள் யாராவது இவ்வளவு பொறுமையாக லயத்து ஆட்களிடம் கேட்டதுண்டா? கோபமா, சந்தோஷமா, ஒன்றும் தெரியவில்லை. முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுது தீர்த்தாள்.

அவள் எழுந்தபோதுதான் பொட்டி கேட்டது. "ஒங்களப் பத்தி ஒரு விஷயம் இருக்கு. சொல்லலாமா?"

"என்னப் பத்தியா? எனக்கென்னா?"

"இன்னைக்கு வேணாம், ஓஞ்சி போயிருக்கீங்க. நாளைக்குக் காலையில ஒங்க பேர்லயே வாங்க. தனியா வர வேணாம்னு தோணுச்சின்னா யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா தள்ளிப் போடாதீங்க."

சாயங்காலம் டாக்டர் போன் பண்ணினாள். தர்ஷிகா கண் விழித்துவிட்டாள், தண்ணீர் கேட்டாளாம். லயமே மூச்சு விட்டது. நிரஞ்சலா பெண்களைக் கூட்டி நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

"நம்ம எல்லாரோட கதையும் அதுக்குத் தெரியும்னு சொல்றியா?" என்றாள் ஜெயரூபி.

"தெரியும். யாருகிட்டயும் சொல்லல."

"நீ அத நம்பறியா?" என்று கேட்டாள் லலிதாம்பிகை.

நிரஞ்சலா யோசித்தாள். "தெரியலக்கா. காலையில போறேன்."

காலையில் டிஸ்பென்சரி வாசலில் யோகேஸ்வரன் பெயர் கேட்டார். "நிரஞ்சலா" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம்?" என்றார்.

பின்னால் பதினேழு பேர் நின்றார்கள். முன்னால் லலிதாம்பிகை, வேலைக்குக் கட்டுகிற படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"சோதனைக்கா வந்தீங்க?"

"சோதனையாவது மண்ணாவது! அது இவள என்னா பண்ணுதுன்னு பாக்க வந்தோம்" என்றாள் லலிதாம்பிகை.

பதினேழு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள். பாதிப் பேர் தலை மட்டும்தான் உள்ளே. நிரஞ்சலா விரலை வைத்தாள். சுருக்.

"நிரஞ்சலா" என்றது பொட்டி, முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லி. "நெறைய பேர் மூச்சு விடற சத்தம் கேக்குது. அவங்க இருக்கறப்பவே சொல்லலாமா, இல்ல அவங்க வெளிய போகட்டுமா?"

"இருக்கட்டும். சொல்லு."

"எட்டு மாசத்துல நாப்பத்து மூணு தடவ ஒங்க ரத்தத்தப் பாத்திருக்கேன். யாரோட ரத்தத்தையும் இப்படி அடுத்தடுத்துப் பாத்ததில்ல. ஒரு தடவ பாத்தா ஒண்ணுமே தெரியாது, நல்ல ரத்தம். வரிசையா வச்சிப் பாத்தாத்தான் தெரியுது, மெதுவா ஒண்ணு கூடிக்கிட்டே வருது. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற எடத்துல ஒரு சீக்கு. ரத்தப் புற்று. ஆரம்பம்."

யாரோ "ஐயோ" என்றார்கள். நிரஞ்சலா அசையவில்லை. தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள். எல்லோருடைய சீக்குக்கும் பதிலாக அவள் கொடுத்த நல்ல ரத்தம்! ஒவ்வொருத்திக்காகவும் குத்திக்கொண்ட ஒவ்வொரு சொட்டும் சேர்ந்து இவளுடைய உயிரைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. சட்டப்படி ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போயிருந்தால், ஆள் திடகாத்திரம் என்று சொல்லி அனுப்பியிருக்கும். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் இத்தன நாளு வாய மூடிக்கிட்டிருந்த?" லலிதாம்பிகை எகிறினாள்.

"உறுதியா தெரிஞ்சது போன மாசம்தான். இந்த மாசக் கடைசியில அவங்க தங்க பேர்ல வர்றதா பதிவு இருந்துச்சி. அவங்களா வரட்டும், வரலன்னா நானே வாயத் தெறக்கணும்னு இருந்தேன். காத்திருந்தது சரியா, தப்பான்னு எனக்கே இன்னும் தெரியல."

லலிதாம்பிகைக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. தன் தப்பைத் தானே சொல்லுகிற ஆளை அவள் அதிகம் பார்த்ததில்லை. தொண்டையைச் செருமினாள். "இவ பொழைப்பாளா?"

"அத அவங்க கேட்டாத்தான் சொல்லுவேன்."

"நான்தான கேக்கறேன்!"

"கேக்குது. ஆனா ஒடம்பு அவங்களோடது."

பதினேழு பேரும் அந்தச் சாம்பல் நிறப் பொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லலிதாம்பிகையின் வாய்க்கு இது வரைக்கும் யாரும், தொரைகூட, இப்படிப் பதில் சொன்னதில்லை.

"சொல்லு" என்றாள் நிரஞ்சலா. "அவங்களும் கேக்கட்டும்."

"பொழைப்பீங்க. இவ்வளவு சீக்கிரம் தெரிஞ்சதால மாத்திரையிலயே நிக்கும். அடுத்த வருஷம் வந்திருந்தீங்கன்னா இத என்னால சொல்லியிருக்க முடியாது."

ஜெயரூபி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மற்றவர்களும் ஆளுக்கொரு கையாகத் தோளைத் தொட்டார்கள், தலையைத் தடவினார்கள். ஒருத்தி பொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லலிதாம்பிகை மட்டும் அப்படியே நின்றாள்.

"என்னப் பத்தி இவ ஒங்கிட்ட என்னா சொல்லி வச்சிருக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"நீங்க லலிதாம்பிகையா?"

"ஆமா."

"நெறைய சொல்லியிருக்காங்க. ஒரு விஷயத்த ஒங்ககிட்டயே கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா யோசன. அத ஒங்ககிட்ட மட்டும்தான் பேசுவேன். இப்ப பேசலாமா?"

லலிதாம்பிகை பொட்டியைப் பார்த்தாள். நிரஞ்சலாவைப் பார்த்தாள். படங்கை அவிழ்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் துளைக்கு ஒரு சாண் தள்ளி கை நின்றுகொண்டிருந்தது.

"எல்லாரும் வெளிய போங்கடி" என்றாள்.